ஆறரை மணித் தண்ணீர்

ஆகாயத்தில் இருந்த மனிதர் தரைக்கு இறங்கி, தரையிலும் நிற்காமல், தரைக்கு அடியில் ஓடும் குழாய்களைக் கட்டி மேய்க்க வந்துவிட்டார் என்று எங்கள் தெருவில் ஒரு கேலி உண்டு. அவர் காதில் விழும்படியேதான் சொல்வோம். அவரும் வாசல்படியில் உட்கார்ந்து ஷூவுக்குப் பாலிஷ் போட்டபடி, "அடுத்து சுரங்கம்தான்" என்று எங்களோடு சேர்ந்து சிரிப்பார். விமானப்படையில் ஏர் கமடோர் வரைக்கும் போனவர் விறைப்பாகத்தான் இருப்பார் என்று நாங்கள் முதலில் ஒதுங்கி நின்றோம். பிறகு எங்களுக்கே வெட்கமாகிவிட்டது. 'கமடோர்' என்ற பட்டத்தை மட்டும் விட்டுவைத்தோம்.

சுவருக்கு இந்தப் பக்கம் குடியிருப்பவர்கள் நாங்கள். அந்த வீட்டில் கரண்டி விழுந்தால் எங்களுக்குக் கேட்கும். அவருடைய ஆபீஸ் மேனேஜரும் தெருக்கோடியில்தான் இருக்கிறார், அவர் வாய்க்குப் பூட்டு கிடையாது. ஆகவே நான் சொல்லப்போவதில் பாதி காதால் கேட்டது, மீதி மேனேஜரும் அந்த வீட்டம்மாவும் சொன்னது.

கமடோர் ஓட்டியது போர் விமானம் அல்ல, சரக்கு விமானம். மாவு மூட்டை, மருந்துப் பெட்டி, வெள்ளத்தில் சிக்கியவர்களுக்குப் போர்வை, ஒருமுறை ஒரு சீக்குக் குதிரை என்று எல்லாவற்றையும் சுமந்திருக்கிறார். "குதிரை மட்டும்தான் ஏறும்போதே பயத்த ஒத்துக்கிச்சு, மத்தவங்க எல்லாம் இறங்கின பிறகுதான் சொன்னாங்க" என்பார். இளம் விமானியாகத் தொடங்கி, ஒரு தளத்துக்கே தலைவராகி, கடைசியில் மேசைக்குப் பின்னால் உட்கார வைக்கப்பட்டார். அதற்கு மேல் ஏற அங்கே படி இல்லை. ஓய்வூதியம் வாங்கிக்கொண்டு வீட்டில் இருக்கலாம், அல்லது தேர்வுக்குழு முன்னால் போய் நின்று அரசு நிர்வாகப் பணிக்கு மாறிக்கொள்ளலாம் என்று படையின் மூத்த அதிகாரிகளுக்கு ஒரு வழி வைத்திருந்தார்கள். அவர் இரண்டாவதைப் பிடித்துக்கொண்டார். முதல் வருஷம் முழுக்கப் பயிற்சிக் காலம், சரிப்படவில்லை என்றால் மேலிடம் எங்கே வேண்டுமானாலும் தூக்கிப் போடும்.

எந்த ஊர் வேண்டும் என்று கேட்டபோது அவர் மனைவியின் ஊரைச் சொன்னார். அந்தம்மா கல்யாணமான நாள்முதல் மரப்பெட்டிகளோடு தளம் தளமாக அலைந்தவர். எத்தனை சமையலறையில் சமைத்தோம் என்று எண்ணுவதையே விட்டுவிட்டவர். இந்த ஊரில் குடிநீர்த் துறை இயக்குநர் நாற்காலி காலியாக இருந்தது. அது எப்போதும் காலியாகத்தான் இருக்கும், ஏனென்றால் தண்ணீர் வந்தால் யாரும் இயக்குநரை நினைப்பதில்லை, வராவிட்டால் எல்லோரும் நினைப்பார்கள்.

அந்தம்மாவின் தம்பி அதே துறையில் பொறியாளர். பெரிய குழாய்கள் எல்லாம் அவன் பொறுப்பு. இரண்டு தெரு தள்ளி வீடு. சின்ன வயதில் அக்கா பின்னாலேயே திரிந்தவனாம். அக்கா திரும்பி வந்ததும் தினமும் ஏதாவது சாக்கு வைத்துக்கொண்டு வருவான், எதுவும் கிடைக்காவிட்டால் கீரைக்கட்டு. கமடோரை ஆபீசில் 'சார்' என்பான், வீட்டில் 'மாமா' என்பான். வாசல்படியில் செருப்பைக் கழற்றும்போது அந்த மாற்றமும் நடந்துவிடும்.

கமடோருக்கு விமானத்திலிருந்து கூடவே வந்த பழக்கங்கள் இரண்டு. வெளியே கிளம்பும்போது கதவருகே நின்று ஒவ்வொன்றாகக் கேட்பார்: "அடுப்பு?" உள்ளேயிருந்து பதில் வர வேண்டும்: "அடுப்பு அணைச்சாச்சு." "ஜன்னல்?" "ஜன்னல் மூடியாச்சு." சொன்னதைத் திருப்பிச் சொன்னால்தான் காதில் விழுந்ததாகக் கணக்கு. அந்தம்மாவும் சளைத்தவர் இல்லை. "புருஷன்?" என்று அவரே கேட்டு, "புருஷன் இன்னும் கிளம்பல" என்று அவரே பதிலும் சொல்வார்.

இரண்டாவது பழக்கம்தான் வினையாக முடிந்தது. விமானப்படையில் வாரம் ஒருநாள் எல்லோரும் உட்கார்ந்து அந்த வாரம் தாங்கள் செய்த தவறைத் தாங்களே சொல்வார்களாம். சொன்னவருக்குத் தண்டனை கிடையாது. மறைத்தவருக்குத்தான் உண்டு. ஒருவர் விட்ட பிழையை நாலு பேர் கேட்டால் அடுத்த நாலு பேர் சாகாமல் இருப்பார்கள் என்பது அங்கே கணக்கு.

குடிநீர்த் துறையிலும் வெள்ளிக்கிழமைதோறும் அந்தக் கூட்டத்தை ஆரம்பித்தார். முதல் நாள் தன் கதையைச் சொன்னார். விமானத்தின் வேகத்தைக் காட்டும் மெல்லிய குழாய் ஒன்று மூக்கருகே இருக்கும், தரையில் நிற்கும்போது தூசி போகாமல் அதற்குச் சிவப்பு உறை மாட்டியிருப்பார்கள். சின்ன வயதில் ஒருநாள் அந்த உறையைக் கழற்றாமலே மேலே கிளம்பிவிட்டார். வேகம் காட்டும் முள் அசையவே இல்லை. குத்துமதிப்பாக இறங்கி, நேரே தலைவரிடம் போய்ச் சொன்னார். தலைவர் நன்றி சொல்லி டீ வாங்கிக் கொடுத்தார்.

மேனேஜர் எங்களிடம் சொன்னார்: "கதை நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா எங்க ஆபீசுல தப்ப ஒத்துக்கிட்டவனுக்கு டீ யாரு வாங்கித் தரா? சஸ்பெண்டு ஆர்டர்தான் வாங்கித் தருவாங்க."

ஆகவே வெள்ளிக்கிழமைகளில் எல்லோரும் பத்திரமான தவறுகளைக் கொண்டுவந்தார்கள். ஒருவர் மின்விசிறியை அணைக்க மறந்தார். இன்னொருவர் பேனாவை வீட்டில் விட்டுவிட்டு வந்தார். மேனேஜர், தான் லீவே எடுக்காமல் உடம்பைக் கெடுத்துக்கொண்டது தப்பு என்று சொன்னார். கமடோர் எல்லோருக்கும் நன்றி சொன்னார். போகப்போகப் பழகிவிடுவார்கள் என்று நம்பினார்.

மழைக்காலத்தில் கடைவீதிக்கு அடியில் பெரிய குழாய் வெடித்தது. ரோடு பிளந்து, சந்தைச் சாமான் ஏற்றிவந்த லாரி ஒன்றின் பின்சக்கரம் பள்ளத்தில் இறங்கிவிட்டது. தம்பி ஆட்களோடு பள்ளத்திலேயே கிடந்தான். சேற்றை மோட்டார் வைத்து இறைப்பார்கள், இறைக்க இறைக்க மழை நிரப்பும். உடைந்த துண்டை அறுத்து எடுத்து, புதுத்துண்டை இறக்கி, போல்ட்டுகளை எதிரெதிராகச் சுற்றிச் சுற்றி முறுக்க வேண்டும். ஒரு பக்கமாக முறுக்கினால் கோணிக்கொள்ளும். கைவிரல்கள் தண்ணீரில் ஊறி வெளுத்துப்போயின. ரொட்டியும் டீயும் பள்ளத்துக்குள்ளேயே வந்தன.

மூன்றாம் நாள் விடியும்போது வேலை முடிந்தது. ஆனால் குழாய் போட்டவுடன் ஊருக்குத் திறந்துவிட முடியாது. உள்ளே புகுந்த சேறெல்லாம் போகும்வரை கழிவு வால்வு வழியாக வெளியே ஓட விட்டுக் கழுவ வேண்டும், தெளிந்த பிறகு மருந்து கலக்க வேண்டும், அப்புறம்தான் ஊர் வால்வு.

அந்த நேரத்தில் கமடோர் சமையலறையில் நின்று முட்டை பொரித்துக்கொண்டிருந்தார். காலைச் சாப்பாடு எப்போதும் அவர் கைதான். ஒரு கையில் கரண்டி, ஒரு கையில் போன். சுவர் வழியாக நாங்களும் கேட்டோம்.

"எப்படிப்பா இருக்கு? முடிஞ்சுதா? நல்லது, நல்லது. ஜனங்க ரெண்டு நாளா வாளியைத் தூக்கிட்டு அலையறாங்க. ஒரு ஆறரைக்குள்ள தண்ணி வந்துட்டா நல்லா இருக்கும்ல?"

பள்ளத்திலிருந்து தம்பி, "சரி சார்" என்றானாம்.

ஆறரைக்குத் தண்ணீர் வந்தது. டீத்தண்ணி நிறத்தில் வந்தது. தாழ்வான தெருக்களில் மாவு பிசைந்தவர்கள் மாவைக் கொட்டினார்கள். ஆஸ்பத்திரித் துணி வெளுக்கும் சலவைக்காரர் பழுப்பாகிப்போன விரிப்புகளைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு ஆபீஸ் வாசலுக்கே வந்துவிட்டார். பாட்டில் பாட்டிலாகக் கலங்கல் தண்ணீர் மேனேஜர் மேசையில் வரிசையாக நின்றது. நல்லவேளை, யாருக்கும் உடம்புக்கு ஒன்றும் வரவில்லை. பத்திரிகையில் படம் வந்தது. அமைச்சர் அலுவலகம் கேட்டது ஒரே கேள்விதான்: யார் பொறுப்பு?

அந்த வெள்ளிக்கிழமை கூட்டத்தில் கமடோர் எழுந்து நின்றார்.

"இங்க யாரும் யாரையும் தண்டிக்கப் போறதில்ல. நடந்தத நடந்தபடி சொன்னா போதும். இது என் வாக்கு."

எல்லோரும் மேசையைப் பார்த்தார்கள். தம்பி எழுந்தான். ரெண்டு நாள் தூங்கியும் கண் சிவப்பு போகவில்லை.

"திறக்கச் சொன்னது நான்தான் சார். கழுவிவிட இன்னும் ரெண்டு மணி நேரமாவது வேணும்னு தெரியும். தெரிஞ்சேதான் திறக்கச் சொன்னேன்."

கமடோருக்கு மனசு நிறைந்துபோனது. கடைசியில் ஒருத்தன் நிஜமான தவறைக் கொண்டுவந்துவிட்டான், அதுவும் நம் வீட்டுப் பிள்ளை. "நன்றி" என்று கையைப் பிடித்துக் குலுக்கினார். எல்லோருக்கும் டீ வரவழைத்தார். டம்ளர்கள் மேசையிலேயே ஆறின. மேனேஜரின் பேனா மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

கூட்டம் கலைந்ததும் மேனேஜர் கமடோரின் அறைக்குள் வந்து கதவைச் சாத்தினார்.

"தவளை தன் வாயால கெடும்னு சும்மாவா சொன்னாங்க. தெரிஞ்சே செஞ்சேன்னு சொல்லிட்டாரே சார்."

"உண்மையத்தானே சொன்னான்?"

"உண்மைதான். அதான் பிரச்சினை. தெரியாம நடந்துச்சுன்னா எச்சரிக்கையோட விட்டுடலாம். தெரிஞ்சேன்னா சஸ்பெண்டு, அப்புறம் விசாரணை, அப்புறம் வீட்டுக்கு. கூட்டத்துல பதிவாயிடுச்சு. திங்கக்கிழமைக்குள்ள ஆர்டர் போகணும். கையெழுத்து நீங்கதான் போடணும்."

"நான் வாக்குக் கொடுத்திருக்கேன்."

"விதியில வாக்குன்னு ஒரு பிரிவு இல்ல சார். இன்னொண்ணும் சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. போடாம விட்டீங்கன்னா, மச்சினனுங்கிறதால காப்பாத்துறாருன்னு ஊரே சொல்லும்."

போட்டால் வாக்குத் தவறியவர், போடாவிட்டால் பாரபட்சக்காரர். கமடோர் அன்று காரில் வராமல் மழையில் நடந்தே வீட்டுக்கு வந்தார். வாசலில் எங்களைத் தாண்டி நேரே உள்ளே போனார். அவரைப் பார்க்க எனக்கு வருத்தமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தம்பி சாப்பிட வந்தான். அவன் மனைவி வரவில்லை. வர மறுத்துவிட்டாள் என்று சொல்லத் தேவையிருக்கவில்லை. மீன் பொரித்த வாசனை எங்கள் வீடுவரை வந்தது, ஆனால் தட்டுச் சத்தம் மட்டும்தான், பேச்சு இல்லை. வழக்கமாக அக்காவும் தம்பியும் மீன் தலைக்குச் சண்டை போடுவார்கள்.

கடைசியில் தம்பிதான் ஆரம்பித்தான்.

"மாமா, கையெழுத்துப் போட்டுடுங்க. எனக்கு உங்க மேல ஒரு வருத்தமும் இல்ல."

"நீ பேசாம சாப்பிடு" என்றார் கமடோர்.

"எங்கேயாவது தனியார் வேலை கிடைக்கும். எனக்கென்ன, கையும் காலும் இருக்கு."

"உனக்கு இருக்கு. ரெண்டு பிள்ளைங்க இருக்கே, அதுங்களுக்கு?" என்று அக்காவின் குரல் வந்தது. தட்டு டக்கென்று கீழே வைக்கப்பட்டது. "ஒருத்தர் பேசாம சாப்பிடுங்கறார், ஒருத்தன் கையெழுத்துப் போடுங்கறான். நல்லா இருக்கு உங்க நியாயம்! நான் ஒண்ணு கேக்கறேன். அன்னைக்குக் காலையில முட்டை பொரிச்சுக்கிட்டே போன்ல என்ன சொன்னீங்க?"

"எப்போ?"

"தண்ணி கலங்கி வந்த அன்னைக்கு."

கமடோர் யோசித்தார். "வேலை முடிஞ்சுதான்னு கேட்டேன். ஆறரைக்குள்ள வந்துட்டா நல்லா இருக்கும்லன்னு கேட்டேன்."

"கேட்டீங்களா, சொன்னீங்களா?"

"கேட்டேன்தான். உத்தரவு போட்டா உத்தரவுன்னு சொல்லித்தான் போடுவேன். இவன் முடியாதுன்னு சொல்லியிருந்தா சரின்னு வச்சிருப்பேன். விமானத்துல ஒரு கத்துக்குட்டி முடியாதுன்னு சொன்னாலும் கமடோர் நிறுத்தித்தான் ஆகணும்."

"இது விமானம் இல்லீங்க. இங்க இயக்குநர் தும்மினாலே ஜலதோஷத்துக்கு ஆர்டர் போட்டுடுவாங்க. நல்லா இருக்கும்லன்னு நீங்க சொன்னா, செய்யலேன்னா நல்லா இருக்காதுன்னுதான் அவங்க காதுல விழும்."

பிறகு கமடோர் மெதுவாகக் கேட்டார்.

"அப்படித்தான் விழுந்துச்சாப்பா?"

தம்பி "ம்" என்றான்.

"அப்புறம் ஏன் கூட்டத்துல அதச் சொல்லல? நடந்தத நடந்தபடி சொல்லச் சொன்னேனே."

"எப்படி மாமா சொல்றது? உங்களுக்கு இன்னும் பயிற்சிக் காலம் முடியல. எப்போ சறுக்குவீங்கன்னு பாத்துட்டிருக்கற ஆளுங்கதான் அந்த மேசையச் சுத்தி உக்காந்திருக்காங்க. உங்களத் தூக்கி வேற ஊர்ல போட்டுட்டா…" தண்ணீர்ச் சொம்பை எடுத்து வைத்தான். "அக்கா மறுபடியும் பெட்டி கட்டணும். இத்தனை வருஷம் கழிச்சு இப்பத்தான் பக்கத்துல வந்திருக்கா."

அக்கா அழுதது எங்களுக்குக் கேட்டது. நாங்கள் சுவரை விட்டுத் தள்ளிப் போய்விட்டோம். எதைக் கேட்கலாம், எதைக் கேட்கக்கூடாது என்று எங்களுக்கும் கொஞ்சம் தெரியும்.

திரும்பி வந்தபோது கமடோர் கேட்டுக்கொண்டிருந்தார்: "அன்னைக்கே முடியாதுன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமேப்பா."

"வேலைல சேந்த நாள்லேருந்து யார்கிட்டயும் அந்த வார்த்தையச் சொன்னதே இல்ல மாமா. வாய்லயே வராது."

தம்பி போன பிறகு அந்த வீட்டில் பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டது. கமடோர் கழுவ, அந்தம்மா துடைத்தார் போலிருக்கிறது.

"நாளைக்கு உண்மையச் சொல்லிட்டா வேலை போனாலும் போகும்" என்றார் அவர். "பெட்டி கட்ட வேண்டியிருக்கும்."

"கட்டறேன். பெட்டி கட்டறதுல எனக்கென்ன புதுசு? என் தம்பியக் குழியில தள்ளிட்டு அவன் ஊர்லயே உக்காந்து சோறு திங்க என்னால முடியாது." கொஞ்சம் பொறுத்து, "உங்களாலயும் முடியாது" என்றார்.

திங்கட்கிழமை காலையில் கதவருகே "அடுப்பு?" என்ற குரல் வந்தது. "அடுப்பு அணைச்சாச்சு" என்று உள்ளேயிருந்து பதில் வந்தது. அன்று "புருஷன்?" என்ற கேலி வரவில்லை. "போயிட்டு வாங்க" என்று மட்டும் அந்தம்மா சொன்னார்.

ஆபீசில் கமடோர் வெள்ளிக்கிழமை ஆட்களையே மறுபடி கூட்டினார். "போன வாரம் என் முறை வந்தப்போ நான் சொல்லாம விட்டது ஒண்ணு இருக்கு" என்று ஆரம்பித்தார். முட்டை பொரித்ததிலிருந்து சொன்னார். குழாய் கழுவ எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்காமலே ஒரு மணியைச் சொன்னதாகச் சொன்னார். பதிலுக்கு 'சரி சார்' வந்தபோது, சொன்னதைத் திருப்பிச் சொல்லச் சொல்லி வாங்காமல் போனை வைத்ததாகச் சொன்னார்.

"சிவப்பு உறையோட கிளம்பினது இந்தத் தடவையும் நான்தான். இவர் இல்ல."

மேனேஜர் பேனாவை மூடிவிட்டார்.

"சார், இதெல்லாம் எழுதணுமா? வாய்மொழித் தகவல் பரிமாற்றக் குறைபாட்டால் வால்வு திறக்கப்பட்டதுன்னு போட்டுக்கலாம். யாரு திறந்தா, யாரு சொன்னான்னு அதுல வராது. முப்பது வருஷமா நாங்க அப்படித்தான் எழுதறோம், ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆனதில்ல."

"அதனாலதான் முப்பது வருஷமா குழாயும் உடைஞ்சுக்கிட்டிருக்கு. இயக்குநர் அவசரப்படுத்தினார்னு எழுதுங்க."

மேனேஜர் எழுதினார். எழுதிவிட்டு, யாரும் கேட்காமலே, "இயக்குநர் அவசரப்படுத்தினார்" என்று உரக்கப் படித்துக் காட்டினார். இதை எங்களிடம் சொல்லும்போது அவர், "ஏன் படிச்சேன்னே தெரியல, படிக்கணும்போல இருந்துச்சு" என்றார்.

மேலிடம் பல நாள் யோசித்தது. தப்பை மறைத்த அதிகாரியை என்ன செய்வது என்பதற்கு அவர்களிடம் விதி இருந்தது. தானே வந்து சொன்னவரை என்ன செய்வது என்பதற்கு இல்லை. கடைசியில் தம்பிக்கு ஒரு எச்சரிக்கையோடு வேலை நிலைத்தது. கமடோரை மாத முடிவிலிருந்து பழைய ஆவணக் காப்பகத்துக்கு மாற்றினார்கள், இதே ஊரின் மறுகோடியில். அங்கே எதுவும் வெடிக்காது, எதுவும் ஓடாது. காரும் கிடையாது, இனி மேலே ஏறவும் வழி கிடையாது. "பஸ்ஸுல போகட்டும். வீடு மாறலையே, அது போதும்" என்றார் அந்தம்மா. தம்பி மனைவியும் ஒருநாள் கீரைக்கட்டோடு வந்து நின்றாள்.

அவர் குடிநீர்த் துறையில் இருந்த கடைசி வாரத்தில் மறுபடியும் பேய்மழை. பழைய ஒட்டுக்கு நாலு அடி தள்ளி அதே குழாய் விட்டுக்கொண்டது. தம்பி மறுபடியும் பள்ளத்தில். விடிந்ததும் கமடோர் சமையலறையில் முட்டையை உடைத்து ஊற்றினார். அந்தம்மா குழாயைத் திருகினார், காற்றுதான் உஸ்ஸென்று வந்தது. போனை எடுத்தார் கமடோர்.

"எந்த அளவுல இருக்கு?"

"குழாய் போட்டாச்சு சார். கழுவிவிட்டுட்டிருக்கோம். கலங்கலாத்தான் வருது."

கமடோருக்கு உதடு வரை வந்ததை விழுங்கத் தெரியவில்லை. அத்தனை வருஷப் பழக்கம், அதுவும் ஜனங்கள் வாளியோடு நிற்கும்போது. "ஆறரைக்குள்ள…" என்று ஆரம்பித்துவிட்டார்.

போனில் மழைச் சத்தமும் மோட்டார் சத்தமும் மட்டும் கேட்டன.

"முடியாது சார்."

"என்னது?"

"முடியாது. எட்டரைக்கு முன்னால திறக்க மாட்டேன். நீங்களே நேர்ல வந்து சொன்னாலும் திறக்க மாட்டேன்."

கரண்டி அப்படியே நின்றது. முட்டை ஓரத்தில் கருகத் தொடங்கியது.

"எட்டரை" என்று கமடோர் திருப்பிச் சொன்னார். "அதுக்கு முன்னால திறக்கக் கூடாது. நானே வந்து சொன்னாலும் திறக்கக் கூடாது."

"ஆமா சார்." கொஞ்சம் பொறுத்து, "கோவமா மாமா?"

போனை மனைவியிடம் நீட்டிவிட்டு அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

"என்னடா சொன்ன இவர?" என்று அந்தம்மா கேட்டார்.

"முடியாதுன்னு சொன்னேன்க்கா."

கொஞ்ச நேரத்தில் அந்தம்மா எங்கள் வாசலுக்கு வந்தார். கையில் காலி வாளி. "உங்க வீட்ல கொஞ்சம் தண்ணி இருக்குமா? எட்டரை வரைக்கும் வராதாம்" என்றார். கல்யாணச் செய்தி சொல்ல வந்தவர் மாதிரி முகமெல்லாம் சிரிப்பு. நாங்கள் பிடித்து வைத்திருந்ததில் பாதியை ஊற்றிக் கொடுத்தோம்.